அத்தியாயம் 6: விமானத்துக்கு எதை உடுத்திக்கொண்டு போவது?

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா கிளம்பும் பெற்றோரின் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பருப்புப்பொடி எந்த டப்பாவில், பேத்திக்கு வாங்கிய கொலுசு எந்தப் பையில், பெட்டி 23 கிலோவைத் தாண்டுகிறதா என்று பலமுறை பார்த்தாகிவிடும். உடம்பில் எதைப் போட்டுக்கொண்டு போவது என்பது மட்டும் கிளம்புகிற அன்று மாலைதான் முடிவாகும். அப்பா, கல்யாணத்துக்குத் தைத்த பேன்ட்டை எடுப்பார். அம்மா, கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்திருக்கும் சேலையை எடுப்பார். இருவருக்கும் மகன் வாங்கி அனுப்பிய புது ஷூ தயாராக இருக்கும். மூன்றுமே வழியில் தொல்லை தருபவை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். தோஹா வழியாக டாலஸ் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வளைகுடா வழியாகப் போகும் விமானங்களில் பல, சென்னையிலிருந்து விடியலுக்கு முன்பே கிளம்புகின்றன. அதனால் வீட்டிலிருந்து முந்தின இரவே புறப்பட வேண்டியிருக்கும். விமான நிலையத்தில் மூன்று நான்கு மணி நேரம், தோஹா வரை நாலரை மணி நேரம், அங்கே காத்திருக்க இன்னொரு மூன்று நான்கு மணி நேரம், அதன்பின் டாலஸ் வரை ஏறக்குறைய 16 மணி நேரம். இறங்கியதும் குடிநுழைவு வரிசை, பெட்டி எடுப்பது, மகன் வீடு வரை கார் பயணம். எல்லாம் சேர்ந்தால் 30 மணி நேரத்துக்குக் குறையாது. அவ்வளவு நேரமும் உட்காருவது, சாப்பிடுவது, தூங்குவது, கழிப்பறை போவது, அதிகாரி முன்னால் போய் நிற்பது எல்லாம் அந்த ஒரு உடையில்தான். வீட்டில் ஒரே துணியை இத்தனை நேரம் தொடர்ந்து உடுத்தியிருக்கும் வழக்கம் நம்மில் யாருக்கும் இல்லை. அதனால்தான் இதற்குத் தனியாக ஒரு அத்தியாயம்.

மேலே போனதும் உடம்புக்கு என்ன ஆகிறது?

விமானம் 35,000 அடிக்கு மேல் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போல வைத்திருப்பார்கள். கொடைக்கானல், ஊட்டி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் இது 6,000 அடி அளவில் இருக்கும். அழுத்தம் குறைந்தால் வாயு விரியும். குடலில் இருக்கும் வாயுவும் அப்படித்தான், தரையில் இருந்ததைவிடக் கால் பங்குக்கு மேல் விரிந்துவிடும். வயிறு உப்பிப்போன மாதிரி இருக்கிறதே, சாப்பாடு சேரவில்லையோ என்று பலர் நினைப்பது இதைத்தான். வீட்டில் சரியாக இருந்த இடுப்பு நாடாவும் பெல்ட்டும் ஆறு மணி நேரம் கழித்து இறுகத் தொடங்கும்.

அடுத்தது கால். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. தொங்கப்போட்ட காலோடு மணிக்கணக்கில் உட்கார்ந்தால் அந்த வேலை நின்றுபோகிறது. நீர் கீழே இறங்கிக் கணுக்காலும் பாதமும் வீங்குகின்றன. பெரும்பாலானவர்களுக்கு இது ஒரு நாளில் வடிந்துவிடும். சிலருக்கு மட்டும் காலின் ஆழமான ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, 4 மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் உட்கார்ந்து செய்யும் பயணத்தால் இந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அப்படியும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது என்பதால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் தொடையிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கெண்டைக்காலிலும் இறுக்குகிற எதையும் போடக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

மூன்றாவது, வறட்சி. சென்னைக் காற்றில் ஈரப்பதம் சாதாரணமாகவே 70 சதவீதத்தை ஒட்டி இருக்கும். விமானத்துக்குள் அது 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். தோல் வறண்டு அரிக்கும். சொரசொரப்பான துணி, சரிகை, கழுத்தில் குத்துகிற லேபிள் எல்லாம் வழக்கத்தைவிட அதிகமாக உறுத்தும். பாலியஸ்டர் துணி மின்னூட்டம் ஏறிக் காலோடு ஒட்டிக்கொள்ளும்.

உள்ளே வெப்பநிலை 22 முதல் 24 டிகிரி வரைதான். எண்ணைப் பார்த்தால் குளிர் என்று தோன்றாது. அசையாமல் உட்கார்ந்திருக்கும், அறுபது வயதைத் தாண்டிய உடம்புக்கு அது குளிர்தான்.

இடுப்பிலிருந்து தொடங்குங்கள்

உடை வாங்கும்போது நாம் நிறத்தையும் துணியையும் பார்க்கிறோம். விமானப் பயணத்துக்கு முதலில் இடுப்பைப் பாருங்கள். அகலமான, மென்மையான எலாஸ்டிக்தான் இடுப்புக்கு நல்லது. பைஜாமா, சுடிதார் பேன்ட், உள்பாவாடை எல்லாவற்றிலும் வரும் நாடா வீட்டில் தொல்லை தராது. விமானக் கழிப்பறையில் நிலைமை வேறு. நிற்கவும் திரும்பவும் மட்டுமே இடமுள்ள அறை, வெளியே காத்திருக்கும் நான்கு பேர், நடுவில் விமானம் லேசாகக் குலுங்குகிறது. சர்க்கரை நோயோ புராஸ்டேட் தொந்தரவோ இருப்பவருக்கு அவசரம் வேறு. அந்த நேரத்தில் முடிச்சு இறுகிக்கொண்டாலோ, நாடாவின் ஒரு முனை உள்ளே ஓடிவிட்டாலோ அந்த மனிதர் படும் பாட்டை வெளியே சொல்லவும் மாட்டார். தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்தால் நாடாவை உருவிவிட்டு எலாஸ்டிக் கோத்துத் தந்துவிடுவார். அதிகச் செலவில்லாத வேலை. பயணத்துக்கு முன் செய்யும் எல்லா ஏற்பாடுகளிலும் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

சிறுநீரை அடக்க முடியாத தொந்தரவு உள்ளவர்கள் பெரியவர்களுக்கான டயப்பர் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கழிப்பறைக்குப் போக வேண்டிவருமே என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் உடம்புக்குக் கெடுதல். டயப்பர் போடுவதானால் இடுப்பில் இரண்டு அளவு தாராளமான பேன்ட்டாக எடுங்கள்.

அம்மாவின் சேலை

இந்தக் கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் வருகிறது. "அம்மா, பேசாம சுடிதார் போட்டுக்கோம்மா, சேலையெல்லாம் சரிப்படாது" என்று அங்கிருந்து மகள் சொல்வாள். நாற்பது ஆண்டுகளாகச் சேலை தவிர வேறெதுவும் உடுத்தி வெளியே போகாத அம்மா, மகளுக்காகச் சரி என்பார். விமான நிலையத்தில் வழியனுப்ப வந்த உறவினர் முன்னால் துப்பட்டாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, நிற்கவும் தெரியாமல் உட்காரவும் தெரியாமல் தவிப்பார். கூச்சமும் ஒரு அசௌகரியம்தான். முப்பது மணி நேரக் கூச்சம் இறுகின நாடாவைவிட மோசமானது.

சேலையில் போகலாம். ஏர் இந்தியாவின் பணிப்பெண்கள் பல பத்தாண்டுகளாகச் சேலையில்தான் விமானத்துக்குள் நடமாடினார்கள். ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் பணிப்பெண்களின் மயில்தோகைச் சேலையைப் பார்த்தவர்களுக்கு அது வேலைக்குத் தடையான உடை என்று தோன்றாது. எந்தச் சேலை, எப்படிக் கட்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கஞ்சி போட்டது வேண்டாம். மொடமொடப்பான செட்டிநாட்டுக் கண்டாங்கி, பட்டு, சரிகைக் கரை எதுவும் வேண்டாம். பலமுறை துவைத்து மென்மையான சுங்குடியோ, மல்மல் பருத்தியோ எடுங்கள். பூனம் சேலை கசங்காது, எடையில்லை என்பது உண்மைதான். ஆனால் வறண்ட காற்றில் காலைச் சுற்றி ஒட்டும், தீப்பொறி பட்டால் உருகும். நிறம் கொஞ்சம் அழுத்தமாக இருந்தால் காபி சிந்தினாலும் தெரியாது.

கட்டும்போது வழக்கத்தைவிட மூன்று விரல் உயர்த்திக் கட்டுங்கள். விமானக் கழிப்பறையின் தரை எப்போதும் ஈரமாக இருக்கும், அது வெறும் தண்ணீர் என்று நம்புவதற்கில்லை. கொசுவத்தைக் குறைத்து, தளர்வாகச் செருகுங்கள். கனமான கொசுவம் வயிற்றில் முண்டு மாதிரி நின்றால் சீட் பெல்ட் அதன்மேல் விழுந்து அழுத்தும். உட்கார்ந்ததும் பெல்ட்டைக் கொசுவத்துக்குக் கீழே, இடுப்பெலும்பை ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். முந்தானையை ஒற்றையாக விடாமல் மடித்து ஒரே ஒரு ஊக்கு குத்திவிட்டால் போதும். கழிப்பறைக்குள் போகும் முன்பே முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகிவிடுங்கள். உள்ளே போய்ச் செருக இடம் இருக்காது.

ரவிக்கையைப் பற்றி யாரும் சொல்வதில்லை. தையல்காரர்கள் பக்கவாட்டில் இரண்டு மூன்று தையல் போட்டு உள்ளே துணி விட்டிருப்பார்கள். பயணத்துக்கு எடுத்துவைத்த ரவிக்கையில் உள்தையல் ஒன்றைப் பிரித்துவிடுங்கள். கைக்குழியிலும் மார்பிலும் கிடைக்கும் அந்த அரை அங்குலம் பத்தாவது மணி நேரத்தில் பெரிய நிம்மதி தரும். உள்ளே போடும் பாடி பருத்தியாக, கம்பி இல்லாததாக இருக்கட்டும். கம்பி உள்ளே குத்தும் என்பது ஒன்று, பாதுகாப்புச் சோதனையில் கருவி கத்தலாம் என்பது இன்னொன்று.

சேலையை விட்டுவிட மனம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது முழங்காலுக்குக் கீழே வரும் தளர்வான குர்தாவும், அகலக் காலுள்ள பருத்தி பேன்ட்டும். நைட்டியின் சௌகரியமும் வெளியே போகும் மரியாதையும் சேர்ந்த உடை அது. லெக்கின்ஸ் வேண்டாம், அது கெண்டைக்காலை இறுக்கும். குர்தாவில் இரண்டு பக்கமும் பாக்கெட் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். ஒரு நிபந்தனை உண்டு: அதைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே போட்டுக் கடைக்கும் கோவிலுக்கும் போய்ப் பழக வேண்டும்.

பூ வைத்துக்கொண்டு கிளம்புவதில் தவறில்லை. ஆனால் மூடிய இடத்தில் மல்லிகையின் மணம் பக்கத்து சீட்டுக்காரருக்குத் தலைவலி தரலாம். அமெரிக்காவில் இறங்கும்போது பூ, காய், விதை எதுவானாலும் சோதனையில் சொல்லியாக வேண்டும் என்பதால் இறங்கும் முன் எடுத்துவிடுங்கள். கொண்டையை உச்சியிலோ பின்னந்தலை நடுவிலோ போட்டால் தலையைச் சாய்க்க முடியாது. தளர்வாகப் பின்னித் தோளின் முன்பக்கம் விட்டுக்கொள்வதே நல்லது.

அப்பாவுக்கு

இங்கே சிக்கல் குறைவு. ஜீன்ஸும் மடிப்பு கலையாத டெரிக்காட்டன் பேன்ட்டும் வேண்டாம். பின்பக்கம் எலாஸ்டிக் வைத்து, முன்னால் பார்க்கச் சாதாரண பேன்ட் போலவே இருக்கும் பருத்தி பேன்ட்கள் இப்போது எல்லாத் துணிக்கடைகளிலும் கிடைக்கின்றன. பெல்ட் தேவைப்படாது என்பது அதில் பெரிய லாபம். பாதுகாப்புச் சோதனையில் பெல்ட்டைக் கழற்றச் சொல்வார்கள். ஒரு கையில் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தட்டிலிருந்து பர்ஸையும் போனையும் அள்ளும் அப்பாக்களை எந்த விமான நிலையத்திலும் பார்க்கலாம்.

திருப்பூர் டிராக் பேன்ட் போடுவதானால் லூப்நிட் (உட்புறம் வளையம் வளையமாகப் பின்னிய) பருத்தித் துணியில், காலடியில் எலாஸ்டிக் இல்லாததாகப் பாருங்கள். மேலே அரைக்கைச் சட்டை, அதற்குள் பருத்தி பனியன். டி-ஷர்ட் என்றால் 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) எடையுள்ள துணி போதும். அதைவிடக் கனமானதைப் போட்டால் உட்கார்ந்தே இருக்கையில் முதுகு வேர்க்கும். பேன்ட்டின் பின் பாக்கெட்டில் பர்ஸ் வைக்கவே கூடாது. ஒரு பக்கம் உயர்ந்து உட்கார்ந்து 16 மணி நேரம் கழித்து எழுந்தால் இடுப்பும் தொடையும் பிடித்துக்கொள்ளும்.

வேட்டியில் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேட்டி கட்டிப் பழகியவர் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். தூக்கத்தில் அவிழாமல் இருக்க வெல்க்ரோ ஒட்டு வைத்த வேட்டியாகக் கட்டி, உள்ளே முழங்கால் வரை வரும் டிராயர் போட்டுக்கொள்ளட்டும். ஏறிய பிறகு கழிப்பறையில் போய் லுங்கிக்கு மாறுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்வதில்லை. அந்த இடத்தில் உடை மாற்றுவது எந்த வயதிலும் சிரமம், அறுபதுக்கு மேல் ஆபத்தும்கூட. உடை மாற்ற வேண்டுமென்றால் நடுவில் இறங்கும் விமான நிலையத்தில் மாற்றுங்கள். அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கும் குழந்தையோடு வருபவர்களுக்கும் உள்ள பெரிய கழிப்பறைகளில் உட்கார்ந்து மாற்ற இடம் இருக்கும். உள்ளாடையையும் பனியனையும் தோஹாவிலோ துபாயிலோ மாற்றிக்கொண்டவர் அடுத்த 16 மணி நேரத்தைப் புதிதாகத் தொடங்குவார்.

பாதம்

வாழ்நாள் முழுக்கச் செருப்போடு நடந்தவருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் புது ஷூ வாங்கித் தருவது அன்பால் செய்யும் தவறு. பயணத்தின் நடுவிலேயே பின்குதிகாலில் கொப்புளம் வரும். சர்க்கரை நோயாளிக்கு அந்தக் கொப்புளம் சின்ன விஷயமில்லை. ஷூவைக் குறைந்தது மூன்று வாரம் முன்னால் வாங்குங்கள். கடைக்கு மாலையில் போங்கள். பகலெல்லாம் நடந்த பாதம் மாலையில் சற்றே பெரிதாக இருக்கும், விமானத்தில் உங்கள் பாதம் அந்த அளவையும் தாண்டும். லேஸ் கட்டும் ஷூ வேண்டாம், வெல்க்ரோ பட்டை உள்ளது நல்லது. வீங்கும்போது பட்டையைத் தளர்த்தலாம், குனிந்து முடிச்சுப் போட வேண்டாம்.

ஷூவைக் கழற்றிவிட்டு உட்காரலாம். ஆனால் புறப்படும்போதும் இறங்கும்போதும் காலில் ஷூ இருக்க வேண்டும். கழிப்பறைக்கு வெறும் சாக்ஸோடு போகாதீர்கள், நனைந்த சாக்ஸ் பிறகு காயவே காயாது. சாக்ஸின் மேல்பட்டை காலில் பள்ளம் விழுமளவு இறுக்கினால் அது உங்களுக்கு உதவாது. பட்டையில்லாமல் தளர்வாகப் பின்னிய பருத்தி சாக்ஸ் மருந்துக்கடைகளிலும் கிடைக்கிறது.

அழுத்தக் காலுறை வேறு வகை. கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் அழுத்தி, ரத்தம் மேலேற உதவும்படி அதைப் பின்னியிருப்பார்கள். பயணத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது முழங்காலுக்குக் கீழே நிற்கும், கணுக்காலில் 15 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் தரும் உறை. வெரிகோஸ் உள்ளவர், முன்பு காலில் ரத்தம் உறைந்தவர், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர் எல்லோரும் டாக்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். காலுக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு உள்ளவர்களும், சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களும் தாங்களாகவே வாங்கிப் போடக்கூடாது. அவர்களுக்கு அது கெடுதல் செய்யலாம். கடையில் கால் சுற்றளவை அளந்து வாங்குங்கள், கண்ணளவில் வாங்காதீர்கள். இரவில் கிளம்புவதால், போடுவதற்கு முன் அரை மணி நேரம் காலை உயர்த்திப் படுத்துவிட்டுப் போடுங்கள். மேல்விளிம்பு சுருண்டு கீழே வந்தால் உடனே நீவி ஏற்றிவிட வேண்டும். சுருண்ட விளிம்பு கயிறு கட்டினது போல இறுக்கும். காலுறை போட்டிருந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கணுக்காலைச் சுழற்றுவதும், முடிந்தபோது எழுந்து நடப்பதும் வேண்டும். சீட்டில் சம்மணம் போட்டு உட்காருவது நமக்குச் சுகமாக இருக்கும். ஆனால் அது முழங்காலுக்குப் பின்னால் ரத்த ஓட்டத்தை அழுத்துகிறது. அப்படி உட்கார ஐந்து பத்து நிமிடம் போதும்.

குளிருக்கு

கனமான ஒரு ஸ்வெட்டரைவிட மெல்லிய இரண்டு துணிகள் நல்லது. சென்னையில் கதவு திறந்திருக்கும்போது உள்ளே புழுங்கும், இரண்டு மணி நேரத்தில் நடுங்கும், தோஹா விமான நிலையத்தின் ஏசி இன்னொரு மாதிரி. போடவும் கழற்றவும் இலகுவாக இருக்க வேண்டும். தலைவழியாக மாட்டும் ஸ்வெட்டர் வேண்டாம், பக்கத்து சீட்டுக்காரரை இடிக்காமல் கையைத் தூக்க முடியாது. முன்னால் ஜிப்போ பட்டனோ உள்ளதாக எடுங்கள். அதன்மேல் ஒரு சால்வை. விமானத்தில் தரும் போர்வை மெல்லியது, தோளை மூடினால் பாதம் தெரியும். மங்கி குல்லாவை யாராவது கிண்டல் செய்தாலும் எடுத்துக்கொண்டு போங்கள். காதும் உச்சந்தலையும் குளிர்ந்தால் நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தூக்கம் வராது.

போர்வை போர்த்திக்கொண்ட பிறகு சீட் பெல்ட்டைப் போர்வைக்கு மேலே போடுங்கள். விமானம் குலுங்கும்போது பணியாளர்கள் ஒவ்வொருவர் பெல்ட்டையும் பார்த்துக்கொண்டு வருவார்கள். மேலே தெரிந்தால் உங்களை எழுப்பாமல் நகர்ந்துவிடுவார்கள்.

சோதனையும் சக்கர நாற்காலியும்

பாதுகாப்புச் சோதனையில் கருவி கத்தினால் பயப்பட வேண்டாம், தடவிப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். பெண்களைத் திரை போட்ட இடத்தில் பெண் காவலர்தான் சோதிப்பார். மெட்டி, தாலிக்கொடி, வளையல் ஆகியவற்றைக் கழற்றச் சொல்வது அரிது. ஆனால் கனமான கொலுசு, நெஞ்சு முழுக்க ஊக்கு, கொத்துச் சாவி எல்லாம் உங்களைத் தாமதப்படுத்தும். வெள்ளி அரைஞாண் போட்டிருப்பவர்கள் அந்தப் பயணத்துக்குக் கறுப்புக் கயிறாக மாற்றிக்கொள்ளலாம். முழங்கால் மாற்று அறுவை செய்தவர்கள் காவலரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முழங்கால் வரை எளிதாகத் தூக்கக்கூடிய தளர்வான பேன்ட்டும், டாக்டர் சீட்டும் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

மொழி தெரியாத பயத்தாலும் நீண்ட நடையாலும் பலர் சக்கர நாற்காலி கேட்டுக்கொள்கிறார்கள். நல்ல ஏற்பாடு. தள்ளுபவர் வேகமாகப் போவார், உங்கள் முந்தானையோ துப்பட்டாவோ சால்வையோ பக்கவாட்டில் தொங்கினால் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். கழுத்தில் இருக்கும் துணி சுற்றிக்கொள்வது விளையாட்டில்லை. உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் மடியில் சுருட்டி, அதன்மேல் கைப்பையை வைத்துக்கொள்ளுங்கள். வழியனுப்பப் போகும் பிள்ளைகள் இதை ஒருமுறை பார்த்துவிட்டு விடைகொடுங்கள்.

உடம்போடு இருக்க வேண்டியவை

2024 ஜனவரி 2ஆம் தேதி டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸின் ஏ350 விமானம், ஓடுபாதையில் இருந்த கடலோரக் காவல்படை விமானத்தோடு மோதித் தீப்பிடித்தது. பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். பைகளை எடுக்காமல் இறங்கினார்கள் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். இப்படி நடப்பது மிக மிக அரிது. இருந்தாலும் உடையைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மனதில் வையுங்கள். அவசரகாலச் சறுக்கில் இறங்கும்போது ஹை ஹீல்ஸ் கூடாது, சிந்தெடிக் துணி உராய்விலும் சூட்டிலும் உருகித் தோலோடு ஒட்டும், பருத்தி அப்படி உருகாது.

கைப்பையை விட்டுவிட்டு இறங்க நேர்ந்தால் உடம்போடு என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாஸ்போர்ட், மகனின் முகவரியும் போன் நம்பரும் எழுதிய சீட்டு, கொஞ்சம் பணம், கண்ணாடி. இவை நான்கும் ஜிப் போட்ட பாக்கெட்டில் இருக்க வேண்டும். சட்டையின் மேல் பாக்கெட்டில் பாஸ்போர்ட் வைத்தால் குனியும்போது விழும். சேலை கட்டும் அம்மாக்கள் சேலைக்குள் இடுப்பில் கட்டும் மெல்லிய துணிப்பை ஒன்று தைத்துக்கொள்ளலாம். சுருக்குப்பையை இடுப்பில் செருகிப் பழகியவர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது.

கைப்பெட்டியில் முழுசாக ஒரு செட் மாற்றுத்துணி இருக்கட்டும், உள்ளாடை மட்டும் இரண்டு. பெட்டி உங்களோடு வராமல் அடுத்த விமானத்தில் வருவது எல்லா விமான நிறுவனங்களிலும் நடக்கிறது. ஜனவரியில் சிகாகோவில் இறங்குபவர்கள் ஜாக்கெட்டைப் பெரிய பெட்டிக்குள் வைக்காதீர்கள். பிள்ளைகளிடம் சொல்லி விமான நிலையத்துக்கு ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள். ஜூலையில் டாலஸ் என்றால் ஜாக்கெட்டே வேண்டாம், வெளியே நம் ஊர் வெயில்தான்.

எல்லாம் தேர்ந்தெடுத்த பிறகு ஒரு ஒத்திகை பாருங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, பயணத்துக்கு எடுத்துவைத்த அதே உடை, அதே உள்ளாடை, அதே ஷூவோடு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் உட்காருங்கள். மூன்று மணி நேரம் டிவி பாருங்கள், காபி குடியுங்கள், உட்கார்ந்தபடியே ஒரு குட்டித் தூக்கம் போடுங்கள், வீட்டின் சிறிய கழிப்பறைக்குப் போய்வாருங்கள். எங்கே இறுக்குகிறது, எங்கே குத்துகிறது, எது தரையில் புரள்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். தையல்காரரிடம் கொடுத்துச் சரிசெய்ய ஒரு வாரம் இருக்கிறது.

அங்கிருந்து போனில் யோசனை சொல்லும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அம்மாவும் அப்பாவும் உங்கள் சொல்லைத் தட்டமாட்டார்கள், பிடிக்காவிட்டாலும் சரி என்பார்கள். ஆகவே "இதைப் போட்டுக்கோங்க" என்று சொல்வதற்கு முன்னால், எது அவர்களுக்குச் சௌகரியமாக இருக்கிறது என்று ஒருமுறை கேளுங்கள்.